எந்தச் சுவருக்கு வைக்கப் போறியள்?

போன மாதம் வவுனியாவில் ஒரு வகுப்புக்குப் போனேன். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற தளபாடக் கடையின் புதிய பிள்ளைகளுக்கு அரை நாள் பயிற்சி. "அக்கா, நீங்களும் வாங்கோ, மத்தியானச் சாப்பாடும் இருக்கு" என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டை நம்பித்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவர், வாங்குகிற ஆளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று திரையில் படம் படமாகக் காட்டி விளக்கினார். நல்ல பிள்ளை. மூச்சு விடாமல் கதைத்தார்.

"பொருளைப் பற்றிக் கதைக்காதேங்கோ. அது அவைக்குச் செய்யிற நன்மையைக் கதையுங்கோ. வாங்க வாறவைக்கு என்ன பயம் எண்டு கண்டுபிடியுங்கோ. அந்தப் பயத்துக்கு உங்கட பொருள்தான் மருந்து எண்டு சொல்லுங்கோ. அதோட விசயம் முடிஞ்சுது" என்றார்.

நான் கையை உயர்த்தினேன். அறுபது வயது தாண்டியும் எனக்கு வாயை அடக்கத் தெரியாது.

"தம்பி, நான் முதல் நிண்ட கடையில நாங்கள் அதைத்தான் ஒண்டும் விடாமல் செய்தனாங்கள். கடையே கவிழப் பாத்தது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தம்பியும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஒருத்தி கொப்பியும் பேனையும் கொண்டுவந்து தந்து, எழுதித் தாங்கோ என்றாள். அவள் தந்த கொப்பியில்தான் இதை எழுதுகிறேன்.

சண்டை நின்று, வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் பூட்டிக்கிடந்த பாதை திறந்து ஒரு வருடம் ஆனபிறகு, 2003இல், புதுக்குடியிருப்பில் றஹீம் நானாவின் தளபாடக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. நாங்கள் தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளிநொச்சி, மல்லாவி என்று இழுபட்டு, கடைசியில் புதுக்குடியிருப்பில் ஒருவரின் காணியில் தகரக் கொட்டில் போட்டுக் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தண்ணீர்ப் பம்பி திருத்துவார். நான் யாழ்ப்பாணத்தில் சில வருடம் புடவைக் கடையில் நின்றவள். அங்கே படித்ததெல்லாம் மூன்று பாடந்தான்: சிரி, விரி, மடி. அந்தப் படிப்பை நம்பித்தான் நானா என்னை எடுத்தார்.

நானா என்றால் முஸ்லிம்களின் வழக்கில் அண்ணன். அவருடைய ஊர், பக்கத்தில் இருக்கிற தண்ணீரூற்று. தொண்ணூறாம் ஆண்டு போராளி இயக்கம் முஸ்லிம் சனம் முழுவதையும் வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, மனைவியோடும் கைக்குழந்தையோடும் புத்தளத்துக்குப் போனவர். பதின்மூன்று வருடம் அங்கே ஒரு தளபாடக் கடையில் மரம் தூக்கி, பொலிஷ் போட்டு, பிறகு விற்பனையும் பழகினார். அவர்கள் போன அதே மாதம் யாழ்ப்பாணத்திலும் அதுதான் நடந்தது. நான் என் வீட்டு வாசல் படலையில் நின்று பார்த்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்குள் இருந்தது. அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

பாதை திறந்த அடுத்த வருடம் அவர் தனியாகத்தான் திரும்பி வந்தார். மனைவி ஜெஸீமாவும் மூன்று பிள்ளைகளும் புத்தளத்தில். ஒரு வருடத்துக்குள் கடை நிலைத்தால் அவர்கள் வருவார்கள், நிலைக்காவிட்டால் அவர் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார் என்று பேச்சு. இது எனக்கும் தெரியும், பின்னால் பட்டறையில் வேலை செய்த தச்சர் துரைராசா அண்ணைக்கும் தெரியும். கடையில் ஒவ்வொரு சாமான் போகும்போதும் நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் நினைப்போம்.

நானாவின் தொழிலைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். மெலிந்த ஆள், வெள்ளைச் சேட்டு, காதில் பென்சில், குரல் எப்போதும் பதிந்தே இருக்கும். ஒருவர் உள்ளே வந்தால் "என்ன வேணும்?" என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் சும்மா பார்க்க வந்த ஆள் வெட்கப்பட்டுத் திரும்பிவிடும் என்பார். முதலில் வயதானவருக்கு ஒரு கதிரை. அவர் இருந்ததும் இவர் அதைவிடப் பதிந்த ஒரு முக்காலியில் இருப்பார். அண்ணாந்து பார்த்துக் கதைக்கிற ஆளோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

கண்ணாடி வைத்த அலுமாரியை வீதியைப் பார்த்தபடி நிறுத்துவார். சைக்கிளில் போகிற சனம் தன் முகத்தைக் கண்டு ஒருதரம் மெதுவாக்கும். மற்ற அலுமாரிகளின் கதவைப் பூட்டவும் மாட்டார், விரியத் திறக்கவும் மாட்டார். நாலு விரல் இடைவெளி விட்டுவைப்பார். அதைக் கண்ட எந்தப் பெண்ணும் சும்மா போகமாட்டாள். ஒன்றில் திறந்து பார்ப்பாள், இல்லாவிட்டால் சாத்துவாள். எப்படியும் கை பட்டுவிடும். விலையைக் கேட்டுக்கொண்டு வருகிற ஆளைப் பற்றி அவர் பெரிதாக எண்ணுவதில்லை. லாச்சியை, அதுதான் இழுப்பறையை, இழுத்துக் குனிந்து உள்ளே மர வாசத்தை மணந்து பார்க்கிற ஆளைத்தான் எனக்குக் கண்ணால் காட்டுவார். மணந்து பார்த்தவர் வாங்குவார்.

சனிக்கிழமைகளில் கடை திறக்க முதல் என்னை வாடிக்கையாளரின் கதிரையில் இருத்துவார். "இருந்து பாருங்கோ தங்கச்சி. என்ன தெரியுது எண்டு சொல்லுங்கோ." நான் தெரிவதைச் சொல்ல வேண்டும்: மேசைக்குக் கீழே கிடக்கும் மரத்தூள், தலைக்கு மேலே சிலந்திவலை, கதிரைக் காலில் வழிந்த பொலிஷ். நாங்கள் நின்றுகொண்டு பார்க்கும்போது இவை ஒன்றும் கண்ணில் படுவதில்லை. இப்படி ஒருவரை இருத்திப் பார்க்கச் சொல்லுகிற முதலாளியை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை.

எல்லாவற்றிலும் அவருடைய பெரிய ஆயுதம் ஒரு கேள்வி. ஆள் ஒரு சாமானைச் சுற்றிச் சுற்றி வந்து முடிவெடுக்க முடியாமல் நிற்கும்போது, மிகச் சாதாரணமாகக் கேட்பார்: "வீட்டில எந்தச் சுவருக்கு வைக்கப் போறியள்?" கேட்டதும் அந்த ஆளின் கண் கடையை விட்டுப் போய்விடும். தன் வீட்டுக்குள் நடந்து, அந்தச் சுவரைக் கண்டு, அதற்கு முன்னால் சாமானை வைத்துப் பார்க்கும். "யன்னலுக்குப் பக்கத்தில" என்று பதில் வந்துவிட்டால் நானா எழும்பிப் பென்சிலை எடுப்பார். பதில் சொன்ன ஆள் வாங்கின ஆள். நான் வேலை செய்த காலம் முழுவதும் இது தவறி நான் கண்டதில்லை.

அலுமாரியில் மட்டும் அந்தக் கேள்வி வேலை செய்யவில்லை. கதிரை போனது, மேசை போனது, கட்டில் போனது. முதிரை மரத்தில் செய்து தேக்குக் கதவு போட்ட பன்னிரண்டு அலுமாரிகள் சுவரோரம் நின்றன. சனம் தொட்டுப் பார்க்கும், மணந்தும் பார்க்கும். "எந்தச் சுவருக்கு?" என்றதும் முகம் மாறிவிடும். ஒருவரும் பதில் சொல்வதில்லை. பிறகு வாறம் நானா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நானாவின் கைக்காசு எல்லாம் அந்தப் பன்னிரண்டிலுந்தான் முடங்கிக் கிடந்தது. ஒரு வருடத்தில் நாலு மாதம் போய்விட்டது.

ஒருநாள் முத்தையன்கட்டில் வயல் செய்கிற ஒரு பெரியவர்தான் வாயைத் திறந்தார். "நானா, நாங்கள் ஏழு தரம் ஊரை விட்டு எழும்பின சனம். கட்டிலை விட்டிட்டுப் போகலாம், கதிரையை விட்டிட்டுப் போகலாம். அலுமாரிக்குள்ள சனம் தன்ர சீவியத்தையெல்லோ அடுக்கி வைக்கும். அதை ஆர் தூக்கிறது?" என்று சொல்லி, ஒரு தகர றங்குப் பெட்டி இருக்கோ என்று கேட்டார்.

அது எனக்கும் விளங்கியது. எங்கள் கொட்டிலிலும் உடுப்பெல்லாம் பைகளில்தான் இருந்தன.

நானா மூன்று நாள் யோசித்தார். பிறகு துரைராசா அண்ணையைக் கூப்பிட்டு, அந்தப் பன்னிரண்டையும் கழற்றிப் பூட்டுகிற அலுமாரியாக மாற்றலாமா என்று கேட்டார். துரைராசா அண்ணை பரம்பரைத் தச்சர். கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணி அடிப்பதுதான் அவருக்கு வேலை. நட்டும் போல்ட்டும் என்றதும் மூக்குச் சிவந்துவிட்டது. "என்ன நானா, சைக்கிளோ செய்யச் சொல்லுறியள்?" என்றார். ஆனாலும் செய்தார். செய்யத் தொடங்கினால் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். எட்டுப் போல்ட்டைக் கழற்றினால் ஏழு துண்டாகப் பிரிகிற அலுமாரி. பூட்டி நிறுத்தினால் அசைத்துப் பார்த்தாலும் ஆடாது. போல்ட்டுகளை வவுனியாவிலிருந்து நானாவே கொண்டுவந்தார். ஓமந்தைப் பாதையில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கச் சோதனையிலும் இவ்வளவு போல்ட்டு எதுக்கு என்று கேட்டார்களாம். அலுமாரிக்கு என்று சொல்ல, இரண்டு பக்கமும் சிரித்தார்களாம்.

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். விளம்பரப் பலகை நான் எழுதியது. நல்ல பலாப் பலகையில், சிவப்பு மையால், கொட்டை எழுத்தில்: "கழற்றலாம், ஏற்றலாம், பூட்டலாம். பத்தே நிமிடம்." சந்தை நாளில் கடை வாசலில் வைத்து நானே ஸ்பானர் பிடித்துக் கழற்றிக் காட்டினேன். நல்ல கூட்டம். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து ஒன்பது நிமிடம் என்றார். நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டும் இந்தக் கிழமையே போய்விடும் என்று நினைத்தேன்.

ஒன்றும் போகவில்லை. பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், நல்ல வேலை என்றார்கள், போனார்கள்.

அடுத்த கிழமை அன்னலட்சுமி அக்காவும் அவருடைய வீட்டுக்காரரும் வந்தார்கள். ஊரில் மதிப்பான குடும்பம். ஆவணியில் மகளுக்குக் கலியாணம். வீட்டுக்காரர் கதிரையில் இருந்தார். அக்கா நேரே ஒரு அலுமாரிக்குப் போய் லாச்சியை இழுத்து மணந்தார். நானா என்னைப் பார்த்தார். அக்காவின் முகம் மலர்ந்திருந்த நேரத்தில், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, இதில விசேசம் என்ன தெரியுமோ? எப்பவும் ஒரு அவசரம் எண்டால் பத்து நிமிசத்தில கழட்டி உழவு மெசினில ஏத்தலாம்" என்றேன்.

அக்கா லாச்சியை மெதுவாகச் சாத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, அதைவிட மோசமாக இருந்தது அந்தப் பார்வை.

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? குடிபுகப் போற பிள்ளைக்கு ஓடுறதுக்கோ அலுமாரி வாங்கிக் குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்தச் சொல் அக்காவோடு போகவில்லை. ஊர் முழுக்கப் போனது. எங்களுடையது "ஓடுற அலுமாரி" ஆகிவிட்டது. அதற்கு மேல் இன்னொரு கதையும் கிளம்பியது. நானா தெற்கிலிருந்து வந்தவர், ஏதோ அறிந்துதான் இப்படிச் செய்கிறார், திரும்பவும் சண்டை தொடங்கப் போகுது என்று. கதிரை வாங்க வந்தவர்களும் வாங்காமல், "நானா, உண்மையைச் சொல்லுங்கோ, என்ன கேள்விப்பட்டனீங்கள்?" என்று காதுக்குள் கேட்டார்கள். எட்டுப் போல்ட்டை வைத்து ஒரு யுத்தத்தையே தொடக்கிவிட்டேன் என்று வீட்டில் போய் அழுதேன்.

நானா ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் பலகையைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்.

"எழுத்து நல்ல எழுத்து, தங்கச்சி. பலகையும் நல்ல பலகை. பிழை ஒண்டுதான். அவையின்ட மனசில இருக்கிறதை நாங்க வெளியில சொல்லிப்போட்டம். ஓட வேண்டி வரும் எண்டு அவைக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நெல் விதைக்கினம், கலியாணம் பேசினம். அதை மறக்கத்தான் கடைக்கு வாறது. நாங்க வாசலில எழுதி வச்சிருக்கிறம்" என்றார். பிறகு பலகையைத் துரைராசா அண்ணையிடம் கொடுத்து, சீவி ஒரு லாச்சிக்கு அடிப்பலகையாகப் போடச் சொன்னார்.

ஒரு சாமானை வாங்குகிற சனம் தன் பயத்துக்கு மருந்து வாங்குவதில்லை. பயம் இல்லாத ஒரு வீட்டை மனதுக்குள் கட்டி, அதற்குத்தான் சாமான் வாங்குகிறது. இதை அந்தக் கொழும்புத் தம்பியிடம் சொல்ல நினைத்தேன். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார் என்று சொன்னேனே.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல வாடிக்கையாளரின் கதிரையில் இருந்து பார்த்தேன். தூள் இல்லை, வலை இல்லை. ஆனால் அலுமாரிகளைப் பார்க்க வசதியாகக் கதிரையை நாங்கள் சற்றுத் திருப்பிப் போட்டிருந்தோம். அந்தக் கோணத்தில் பின்கதவு வழியாக நானா தங்கியிருந்த சின்ன அறை தெரிந்தது. சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு பிரயாணப் பை, சிப் பூட்டியபடி, நிறைந்து. அவருடைய உடுப்பெல்லாம் அதற்குள்தான். அலுமாரி விற்கிற மனிதர் பன்னிரண்டு அலுமாரிக்குப் பக்கத்தில் பையில் உடுப்பு வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதிரையில் இருந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்திருக்கிறார்கள்.

சொல்லவா விடவா என்று யோசித்தேன். பிறகு, "நானா, ஒருக்கா இதில இருங்கோ" என்றேன்.

இருந்தார். பார்த்தார். அவருடைய கண் அந்த ஆணியில் போய் நின்றதும் எனக்குத் தெரிந்தது. அவர் கண் கலங்கியதை அன்றுதான் கண்டேன்.

"நான் ஆரை ஏமாத்திறன் தங்கச்சி, அவையையோ, என்னையோ?" என்றார்.

பிறகு சந்தியில் இருந்த தொலைபேசி நிலையத்துக்குப் போய் ஜெஸீமாவோடு கதைத்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார் என்று தெரியாது. பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் ஜெஸீமா ராத்தா பிள்ளைகளோடு வந்து இறங்கினா. ராத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. கையில் ஒரு பெட்டி, அதற்கு இரண்டு பூட்டு. "பாக்கத்தான் வந்தனான். இருக்க வரேல்ல" என்று கடை வாசலிலேயே சொல்லிவிட்டா.

அடுத்த நாள் காலை நானா அவர்களைத் தண்ணீரூற்றுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பழைய வீட்டைக் காட்டினார். திரும்பி வந்தபோது ஒருவர் முகத்திலும் தெளிவில்லை. பிள்ளைகளுக்குச் சோடா வாங்க நானா போனார். வேண்டுமென்றேதான் போனார் என்று இப்போதும் நினைக்கிறேன். தன் மனைவியிடம் அவர் தன் தொழிலைக் காட்ட விரும்பவில்லை. கடைக்குள் நானும் ராத்தாவும் மட்டும்.

ராத்தா ஒவ்வொரு அலுமாரியாகத் தொட்டுக்கொண்டு போனா. கண்ணாடியில் ஒருதரம் பார்த்தா. கடைசி அலுமாரியில் நின்று லாச்சியை இழுத்து, குனிந்து, மணந்தா. இந்த முறை வாயைக் கடித்துக்கொண்டு நின்றேன். போல்ட்டைப் பற்றியும் சொல்லவில்லை, கடையைப் பற்றியும் சொல்லவில்லை. அவா நிமிர்ந்ததும் நானாவின் கேள்வியை நான் கேட்டேன்.

"ராத்தா, வீட்டில எந்தச் சுவருக்கு வைக்கப் போறியள்?"

அவா சிரித்தா. நல்ல சிரிப்பில்லை. "சுவரோ? கூரை இல்ல. அறைக்குள்ள வேப்பமரம் நிக்குது. இண்டைக்குத்தானே பாத்திட்டு வாறன்."

நான் பேசாமல் நின்றேன். கேள்வியைக் கேட்டபின் பேசாமல் நிற்பதும் அவர் சொல்லித்தந்ததுதான்.

"கிழக்குச் சுவர் மட்டும் நிக்குது" என்றா கொஞ்சம் பொறுத்து. "எங்கட உம்மாட அலுமாரி அதிலதான் நிண்டது. பெருநாளுக்கு வெள்ளை அடிக்கேக்க அதை ஒருத்தரும் நகர்த்தமாட்டம், பாரம். அதுக்குப் பின்னால பழைய நீலம் அப்பிடியே இருக்கும். அந்த நீலம் இன்னும் இருக்கு. அலுமாரி நிண்ட அளவுக்கு. இண்டைக்கும் பாத்தன்."

கையால் காற்றில் அளந்து காட்டினா. இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம். காட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. பிறகு அழுதா. நான் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, பதிந்த முக்காலியில் போய் இருந்தேன்.

சோடாவோடு நானா வந்தபோது ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிழக்குச் சுவருக்கு இது அளவாக் காணும். முதல்ல கூரையைப் போடுங்கோ" என்றா. நானா காதில் இருந்த பென்சிலை எடுத்தார். எழுதாமல் மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

அந்த வேப்பமரத்தை வெட்டிக் கூரை போட மூன்று கிழமை பிடித்தது. அலுமாரி போன நாள் எனக்கு நல்ல நினைவு. துரைராசா அண்ணை கழற்றிக் கொண்டுபோவது லேசு என்றார். நானா ஒத்துக்கொள்ளவில்லை. உழவு மெசின் பெட்டியில் முழுதாக, நிமிர்த்தி, கண்ணாடி வெளியே தெரியக் கட்டி, சந்தை கூடுகிற நேரத்தில் சந்திக்குள்ளால் போனோம். சனம் தங்கள் முகத்தையும் கடைகளையும் அதற்குள் பார்த்தது. "நானா, ஆருக்கு?" என்று கேட்டார்கள். "எங்கட வீட்டுக்கு" என்று அவர் ஒவ்வொருவருக்கும் சொன்னார். பின்னால் ராத்தாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

வீட்டுக்குப் போனால் அலுமாரி வாசலால் போகவில்லை. இதை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை, அவ்வளவு கெட்டிக்காரர்கள். அயல் சனம் முழுவதும் முற்றத்தில் பார்த்துக்கொண்டு நிற்க, துரைராசா அண்ணை முணுமுணுத்துக்கொண்டு எட்டுப் போல்ட்டையும் கழற்றினார். ஏழு துண்டும் ஒவ்வொன்றாக உள்ளே போய், அந்த நீலத்துக்கு முன்னால் மறுபடி ஒரு அலுமாரியாக நின்றது.

"ஓ, உள்ளுக்குக் கொண்டுவாறதுக்கோ போல்ட்டு?" என்றாள் ஒரு பெண்.

நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதே போல்ட்டு, அதே ஸ்பானர். நான் வெளியே கொண்டுபோவதைச் சொல்லி விற்கப் பார்த்தேன். அது உள்ளே வருவதற்கும் ஆகும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

அதற்குப் பிறகு கடையில் இரண்டு கேள்வி. முதலாவது, எந்தச் சுவருக்கு. இரண்டாவது, வாசல் என்ன அகலம். எங்கள் பக்கத்துக் கொட்டில்களில் இரண்டரை அடிக்கு மேல் வாசல் எங்கே? "அப்ப கழட்டித்தான் உள்ள கொண்டுவரோணும். நாங்கள் வந்து பூட்டித் தாறம்" என்பார் நானா. வீட்டார் எல்லாரும் சுற்றி நின்று பூட்டுவதைப் பார்ப்பார்கள். கடைசியில் ஸ்பானரைத் துணியில் சுற்றிக் கீழ் லாச்சிக்குள் வைத்துவிட்டு வருவோம். அது எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

கலியாணத்துக்கு முதல் அன்னலட்சுமி அக்கா திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல் நானாவிடம், "யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு ஒண்டு வேணும்" என்றார். கேள்வி கேட்கவே தேவைப்படவில்லை. பன்னிரண்டும் மாரி தொடங்க முதல் முடிந்து, இன்னும் செய்தோம். ஒரு வருடம் முடிந்த நாளை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன்.

இடைக்கிடை நானா என்னிடமும் கேட்பார். "தங்கச்சி, உங்களுக்கு எப்ப? எந்தச் சுவருக்கு?" என்பார். நான் சிரித்து, பிறகு பாப்பம் நானா என்று விடுவேன். ஊருக்கெல்லாம் விற்றவள், என் உடுப்பைப் பையில்தான் வைத்திருந்தேன். ஆரோ ஒருவரின் காணியில் தகரத்துக்கு முன்னால் அலுமாரியை நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை.

2006இல் குடும்பத்தில் ஒரு கலியாணத்துக்கென்று நானாவும் ராத்தாவும் பிள்ளைகளும் புத்தளத்துக்குப் போனார்கள். அவர்கள் அங்கே நிற்கும்போது சண்டை திரும்பவும் தொடங்கி, பாதை பூட்டப்பட்டது. கடையை நானும் துரைராசா அண்ணையும் இயன்றவரை நடத்தினோம். போல்ட்டு முடிந்தது. துரைராசா அண்ணை சந்தோசமாகக் கழுந்துக்குத் திரும்பிப் போனார். அந்தச் சந்தோசம் கனகாலம் நிற்கவில்லை.

2008 முடிகிற நேரம் மேற்கிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தின் உழவு மெசின்கள் எங்கள் வீதியால் வரத் தொடங்கின. கடை வாசலில் நின்று பார்த்தேன். கட்டில் இல்லை, கதிரை இல்லை. ஆனால் மெத்தைகளுக்கு நடுவில் எங்கள் தேக்குக் கதவுகளைக் கண்டேன், ஒன்றல்ல, பல. கண்ணாடியில் கீறல் படாமல் சாக்குச் சுற்றியிருந்தார்கள். பிறகு எங்கள் ஊரும் எழும்பியது. அன்னலட்சுமி அக்கா மகள் வீட்டுச் சாமானோடு போனவர், மெசினை நிறுத்தச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஸ்பானர் கீழ் லாச்சியில இருந்தது" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.

"அது அங்க இருக்கிறது எனக்கு அண்டைக்கே தெரியும். நீ ரண்டாந்தரம் வாயைத் திறக்கேல்லைப் பார், அதுக்குத்தான் வாங்கினனான்" என்றார். மெசின் போய்விட்டது.

பிறகு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பலகைகள் பல, பதுங்குகுழிகளுக்கு மேல் மண்ணைத் தாங்கிக் கிடந்ததைக் கண்டேன். துரைராசா அண்ணை திரும்பி வரவில்லை.

2009இல் யுத்தம் முடிந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் கம்பிவேலி போட்ட செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தோம். உடுத்த உடுப்பும் ஒரு பையும். ஒருநாள் என் பெயரைச் சொல்லி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் நிற்கிற இடத்துக்குப் போனால், கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சேட்டோடு றஹீம் நானா. காதில் பென்சில். புத்தளத்திலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்திருக்கிறார். ராத்தா தந்ததென்று ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் இரண்டு சேலையும். தொண்ணூறாம் ஆண்டு நான் படலையில் நின்று பேசாமல் பார்த்ததை அன்று நினைத்தேன். அவர் பேசாமல் நிற்கவில்லை.

பேச வெளிக்கிட்டு, யார் யார் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். துரைராசா அண்ணையைச் சொன்னதும் தலையைக் குனிந்துவிட்டார். எங்களைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நேரம் முடியுது என்று ஒரு ஆள் வந்து சொன்னார்.

அப்போது நானா கம்பிக்குப் பக்கத்தில் குந்தினார். வேறு கதிரை முக்காலி அங்கே இல்லையே. நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைவிடப் பதிந்து, அண்ணாந்து பார்த்து, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"தங்கச்சி, முகாமால விட்டாப்பிறகு ஒரு வீடு போடுவியள்தானே. எந்தச் சுவருக்கு வைக்கப் போறியள்?"

எனக்கு அந்தத் தந்திரம் தெரியும். ஆறு வருடமாக மற்றவர்களுக்கு நானே செய்த தந்திரம். சிரித்துவிட்டுப் பிறகு பாப்பம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கண் போய்விட்டது. முகாமை விட்டு, கம்பியை விட்டு, எங்கேயோ இல்லாத ஒரு வீட்டுக்குள் போய்விட்டது. உள்ளே வெளிச்சமாக இருந்தது.

"குசினிக்குப் போற வழியில, வலப்பக்கச் சுவருக்கு நானா" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார். சேட்டுப் பையில் கிடந்த ஒரு துண்டுக் கடதாசியில் அதை எழுதினார். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"வாசல் என்ன அகலம்?"

"ரண்டரை அடி" என்றேன்.

"அப்ப கழட்டித்தான் உள்ள கொண்டுவரோணும்" என்றார் நானா.